கொழுந்துக்காரியின் பிள்ளைக்குக் கடற்பறவை எதற்கு?

"கொழுந்து பறிப்பவளின் பிள்ளைக்குக் கடற்பறவை எதற்கு? தொலைநோக்காடியும் புகைப்படக் கருவியும் சுமந்து கடற்கரையில் திரிவது கொழுத்தவர் பொழுதுபோக்கல்லவா?" கொத்மலை மாணவர் சிலரை ஆகஸ்டு விடுமுறையில் மன்னாருக்கு அழைத்துச் செல்ல முனைந்தபோது முற்போக்கு நண்பரொருவர் இவ்வாறு கேட்டார். கேட்டவர் நல்லவர், கேள்விதான் நல்லதன்று.

மன்னார்க் கரை எம்மவர்க்கு அந்நியமானதா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோணியேறி வந்த எம் முன்னோர் அக்கரையில் இறங்கியே காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்டோர் கப்பலேறியதும் தலைமன்னார் இறங்குதுறையிலேதான். அதே கரைக்கு உள்ளான்களும் கடற்காகங்களும் ஆண்டுதோறும் வருகின்றன. 2021இல் மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட கடற்காகமொன்று ருஷ்யாவின் வடகோடியிலுள்ள யமால் தீபகற்பம் வரை பறந்தது. அதனிடம் எவரும் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்கவில்லை. 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டோரின் பேரப்பிள்ளை அப்பறவையைப் பார்க்கும் பார்வை, கொழும்புக் கனவானின் பார்வையாக இருக்க முடியுமா?

கருவி தாங்கிய கனவான்களையும் நான் விட்டுவிடப் போவதில்லை. கோடையில், தலைமன்னாருக்கப்பால் சேதுவின் மணல் திட்டுகளில் ஆலாக்கள் முட்டையிடுகின்றன. கூடென்று சொல்ல ஒன்றுமில்லை. வெறும் மணலில் ஒரு சிறு குழி, மணல் நிறத்திலேயே முட்டை. நல்ல படம் வேண்டி ஒருவர் நெருங்கினால் தாய் எழுந்து பறக்கும். உச்சி வெயிலில் முட்டை வெந்துபோகும், அல்லது அவர் காலடியிலேயே நசுங்கும். படமோ கண்காட்சிக்குச் செல்லும்! எம் பெண்களைக் கூடையோடு நிறுத்திப் படமெடுத்துவிட்டு, பின்னால் ஒழுகும் லயக் கூரையைப் பாராது போகும் அதே கண்தான் இது.

பறவை வேறு, பாட்டாளி வேறு என்போர் மன்னார் மக்களைக் கேட்கட்டும். அதானி நிறுவனத்தின் 250 மெகாவாட் காற்றாலைத் திட்டத்தை எதிர்த்து 2024இல் சுற்றாடல் இயக்கத்தாரும் மன்னார் ஆயரும் உயர் நீதிமன்றம் சென்றனர். பறவைகளின் வலசைப் பாதை என்றனர் ஒரு சாரார். எங்கள் மீன்பிடி என்றனர் கடற்றொழிலாளர். இரண்டும் ஒரே தீவைப் பற்றிய பேச்சு. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. விலகலுக்கு மின்கட்டணப் பேரமே காரணமென்பது வேறு கதை. அவ்வாண்டு ஆகஸ்டில் வேறு காற்றாலைகளை எதிர்த்து மக்கள் மீண்டும் தெருவில் இறங்கினர்.

எம்மிடம் இருப்பது இரவல் தொலைநோக்காடி ஒன்று. மாணவர் மாறி மாறிப் பார்ப்பர். திட்டுகளில் இறங்கமாட்டோம், கரையில் நின்றே பார்ப்போம். பேருந்தில் இன்னும் ஓரிடம் இருக்கிறது. நண்பரும் வரலாம்.