கண்ணீருக்கு மட்டுமா பொஸ்னியா?

பொஸ்னியா என்றதும் நம்மவர் மேடைகளில் கண்ணீர் வடிக்கின்றனர். 1995இல் ஸ்ரெப்ரெனிட்சாவில் நிகழ்ந்த படுகொலைக்கு அழுவது முறையே. அதனை நாம் குறை கூறவில்லை. ஆனால், அம்மக்களை வெட்டுண்டவர்களாக மட்டுமே அறிந்து, ஓதியவர்களாகவும் எழுதியவர்களாகவும் அறிய மறுப்பது என்ன சகோதரத்துவம்? ஸஃப்வத் பேக் பஷாகிச் என்னும் பெயரை நம் ஆலிம்களில் எத்தனை பேர் கேட்டிருப்பர்?

ஹெர்ஸகோவினாவின் நெவெஸின்யேயில் 1870இல் பிறந்த கவிஞர் அன்னார். 1878இல் ஆஸ்திரியப் படை புகுந்து உதுமானியர் ஆட்சி நீங்கியது. முஸ்லிம்கள் பலர் துருக்கி நோக்கிப் பெயர்ந்தனர். எஞ்சியோரைச் செர்பியரும் குரோஷியரும் தத்தம் இனத்தாரென்று இழுத்தனர். (பஷாகிச்சும் குரோஷியர் பக்கம் சாய்ந்ததுண்டு, அதை மறைக்க வேண்டுவதில்லை.) இவர்களுக்கென ஓர் இலக்கியம் உண்டா என்பதே அன்று எழுந்த வினா.

1900இல் எத்ஹெம் முலாப்திச், உஸ்மான் நூரி ஹஜிச் ஆகியோருடன் கூடி ‘பெஹார்’ என்னும் இதழைத் தாய்மொழியில் தொடங்கினார் அன்னார். வியன்னாவில் கீழைமொழிகள் பயின்று, அரபு, பார்ஸி, துருக்கி மொழிகளில் நூல் யாத்த தம் நாட்டுப் புலவர்களைத் தேடித் தொகுத்தார். அவ்வாய்வு 1912இல் நூலாயிற்று. உமர் கையாமின் ருபாயியாத்தையும் தம் மொழியில் பெயர்த்தார். அரபு கற்றவனுக்குத் தாய்மொழி இழுக்கு என்போரும், தாய்மொழி இருக்க அரபு எதற்கு என்போரும் இவ்வொருவர் வாழ்வுக்கு என்ன மறுமொழி சொல்வர்? பொஸ்னியரும் தாய்மொழியை அரபெழுத்தில் எழுதியவர்களே. அரபுத்தமிழ் ஓதி வளர்ந்த நம் இல்லங்களுக்கு இது விளங்காததன்று.

‘வெறும் பெயர்ப்பட்டியல்தானே!’ என்று உதட்டைப் பிதுக்குவாரும் இருப்பர். அஸ்மாஉர் ரிஜாலைக் கற்றுப் பட்டம் பெற்ற நாமா பெயர்த் தொகுப்பை இகழ்வது?

அன்னார் திரட்டிய 284 கையெழுத்துச் சுவடிகளும் 365 அச்சு நூல்களும் 1924இல் பிராட்டிஸ்லாவா பல்கலைக்கழக நூலகத்துக்கு விற்கப்பட்டன. சமுதாயச் சொத்தை அந்நியரிடம் விற்றாரே என்று, இதனைப் படித்தபோது நாமும் முகம் சுளித்தோம். ஆனால், 1992 மே மாதம் சரயேவோவின் கீழைத்தேய ஆய்வு நிலையம் செர்பியப் படையின் எறிகுண்டுகளால் எரிந்தது. 5,000க்கு மேற்பட்ட சுவடிகள் சாம்பலாயின. விற்கப்பட்டவை தப்பின. 1997இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அடுத்த கூட்டத்தில் அழுவதற்கு முன், பஷாகிச் தொகுத்த பெயர்களில் பத்தையேனும் நம் பேச்சாளர்கள் படித்து வரட்டும்.