தோற்பதற்கும் ஆட்டங்கள் வேண்டும்

இலக்கியம் பேசிக்கொண்டிருக்கும் நண்பர்களிடையே கூடைப்பந்தைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் அதற்கொரு காரணம் சொல்லியாக வேண்டும். இவ்வாண்டு எங்கள் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு மேலாளராகச் சென்று வந்தேன். தமிழ் விரிவுரையாளனுக்கும் கூடைப்பந்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்களானால், ஒன்றுமில்லை. உடற்கல்வி இயக்குநர் அதே நாளில் கபடி அணியோடு வேறோர் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. மாணவர்களோடு ஆசிரியர் ஒருவர் சென்றாக வேண்டும் என்பது விதி. அன்று எனக்கு ஒரே ஒரு வகுப்புதான். அவ்வளவே.

பாபநாசம் என்றவுடன் தஞ்சைப் பக்கத்துப் பாபநாசத்தையும் பாபநாசம் சிவனையும் நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. 2015இல் கமல்ஹாசன் நடித்த படம் வெளிவந்த பிறகு அந்தக் குழப்பம் சற்றுக் குறைந்திருக்கிறது. நான் சொல்வது பொதிகை அடிவாரத்தில், தாமிரபரணி மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்குகிற பாபநாசம். இங்கே ஆனி ஆடியில் சாரல். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. கல்லூரி அணிகள் பயிற்சி செய்யும் மாதங்களில் எங்கள் சிமெண்டுத் தளம் பெரும்பாலும் நனைந்தே கிடக்கும். ஓரங்களில் பாசி படர்ந்துவிடும். காலை ஆறு மணிக்கு வருகிற பையன்கள் முதல் கால் மணி நேரம் வாரியலால் தண்ணீரைத் தள்ளுவார்கள். பிறகுதான் பந்து.

நனைந்த தளத்தில் ஆடுவது இழிவொன்றுமில்லை என்று அவர்களிடம் ஒருநாள் சொன்னேன். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்கத்துக்குரிய ஆட்டமாகச் சேர்க்கப்பட்டபோது, இறுதி ஆட்டம் திறந்தவெளியில், மண் தளத்தில், கொட்டும் மழையில் நடந்தது. சேற்றில் பந்தைத் தட்டிச் செல்லவே முடியவில்லை. அமெரிக்கா 19, கனடா 8. இன்றைக்குப் பள்ளிச் சிறுவர்கள் கூட அரை மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய எண்கள். பையன்கள் கேட்டுச் சிரித்தார்கள். அணித்தலைவன் மட்டும், "அவங்க எத்தன மேட்ச் ஆடி பைனலுக்கு வந்தாங்க ஐயா?" என்று கேட்டான். (உடற்கல்வி இயக்குநர் அவர்களுக்குச் 'சார்', தமிழாசிரியன் என்பதால் நான் மட்டும் 'ஐயா'.) அப்போது அந்தக் கேள்வியின் பொருள் எனக்குப் பிடிபடவில்லை.

அணியில் பன்னிரண்டு பேர். அவர்களில் ஒன்பது பேர் கல்லூரிக்கு வந்த பிறகுதான் வளையத்தை அருகில் நின்று பார்த்தவர்கள். கடையத்திலிருந்தும் சிவந்திபுரத்திலிருந்தும் கல்லிடைக்குறிச்சியிலிருந்தும் முதல் பேருந்தைப் பிடித்து வருகிறவர்கள். சிலரின் தாய்மார்கள் பீடி சுற்றுகிறார்கள். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் வாலிபால் வலை கட்டுவார்கள், கபடிக்குக் கோடு போடுவார்கள். கூடைப்பந்துக்குத் தளம், பலகை, வளையம் என்று செலவு மிகுதி. பாளையங்கோட்டைப் பள்ளிகளில் படித்து வருகிற பிள்ளைகளின் நிலை வேறு. எட்டாம் வகுப்பிலேயே அவர்களுக்குப் பந்து கையில் ஒட்டிக்கொள்கிறது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஓர் ஊருக்கு எது வாய்த்ததோ அது.

ஜூன் இறுதியிலிருந்து எழுபது காலைகள் பயிற்சி செய்ததாக அணித்தலைவன் கணக்கு வைத்திருந்தான். எழுபது காலைகளும் போய் நின்ற இடம், செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, நெல்லைப் பக்கத்துக் கல்லூரியொன்றின் ஆடுகளம். கல்லூரிகளுக்கிடையிலான போட்டி. எதிரே நின்றது பல ஆண்டுகளாகக் கோப்பை வெல்லும் அணி.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பத்து நிமிடமாக நான்கு கால்பகுதிகள் கொண்டது ஆட்டம். முதல் கால்பகுதியில் எங்கள் பையன்கள் எடுத்தது 4 புள்ளிகள், எதிரணி 25. பந்தைக் கையில் வாங்கியவுடனேயே இருவர் மேலே விழுந்து மறித்தார்கள். அப்படியொரு மறிப்பை எங்கள் பிள்ளைகள் அதுவரை கண்டதில்லை. கண்டிருக்க வழியுமில்லை, தங்களுக்குள்ளேயே ஆடிப் பழகியவர்கள்தாமே. இரண்டாம் பகுதியிலும் அதே கதை. மூன்றாம் பகுதியில் ஏதோ மாறத் தொடங்கியது. கடையத்துப் பையன் ஒருவன், மறிக்க இருவர் வருகிறார்கள் என்றால் எங்கோ ஒருவன் தனியே நிற்கிறான் என்பதைக் கண்டுகொண்டான். அதன்பின் அவன் பந்தை வைத்துக்கொள்ளவே இல்லை. வாங்கிய கணத்தில் விட்டுவிடுவான். கடைசிக் கால்பகுதியை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால், எங்கள் அணி 14, அவர்கள் 11. மொத்தக் கணக்கில் 38க்கு 71. எதிரணியில் முதல் ஐவரை உட்கார வைத்துவிட்டார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும் என் கண்ணெதிரில் ஐந்து பேர் ஓர் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டதை நான் பார்த்தேன். இருபது ஆண்டு வகுப்பறை அனுபவத்தில் அப்படியொரு முகமலர்ச்சியைச் சில முறையே கண்டிருக்கிறேன்.

ஊதல் ஒலித்தது. எதிரணியோடு கைகுலுக்கினார்கள். பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு வந்தோம். சேரன்மகாதேவி தாண்டியதும், பின்னிருக்கையிலிருந்த முதலாண்டுப் பையன் எழுந்து வந்து கேட்டான்: "ஐயா, அடுத்த மேட்ச் என்னைக்கு?"

நான் விடை சொல்லுமுன் அணித்தலைவன் முந்திக்கொண்டான். "அடுத்த வருசம்தாம்ல." அவன் மூன்றாமாண்டு மாணவன். அவனுக்கு அடுத்த வருடம் இல்லை. வீரவநல்லூர் வரை யாரும் பேசவில்லை.

எழுபது காலைகளுக்கு நாற்பது நிமிடங்கள். இதைத்தான் நாம் ஒரு 'பருவம்' என்கிறோம்.

தோற்றதற்காக நான் வருந்தவில்லை. அவர்கள் தோற்க வேண்டிய அணிதான். தோற்றவனைத் திரும்ப ஆடவிடாத முறையைப் பற்றியதே என் வருத்தம். தமிழகத்தில் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகள் பெரும்பாலும் 'நாக்-அவுட்' முறையில் நடக்கின்றன; ஒருமுறை தோற்றால் வீட்டுக்குப் போகலாம். இதில் ஒரு விந்தை உண்டு. நான்கு அணிகள் எஞ்சும்போது அவற்றுக்கு மட்டும் 'லீக்' வைப்பார்கள். ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடும் மோதும். நன்றாக ஆடத் தெரிந்தவனுக்கு மேலும் மூன்று ஆட்டம்; ஆடக் கற்றுக்கொள்ள வேண்டியவனுக்குப் பேருந்துச் சீட்டு. நிறையப் படித்தவர்களுக்கே புத்தகம் இரவல் தரப்படும் என்று ஒரு நூலகம் அறிவித்தால் நாம் சும்மா இருப்போமா?

இந்த விளையாட்டு எதற்காகப் பிறந்தது என்பதை நினைத்தால் விந்தை இன்னும் கூடுகிறது. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம், குளிர்காலத்தில் அடங்காமல் திரிந்த ஒரு வகுப்பை ஒப்படைத்தார்கள். வகுப்பில் பதினெட்டுப் பேர். அவர் மாடத்தின் விளிம்பில் பீச் பழக்கூடைகள் இரண்டை அறைந்து, பதின்மூன்று விதிகளை எழுதி, பக்கத்துக்கு ஒன்பது பேராகப் பிரித்து எல்லோரையும் ஆட விட்டார். வகுப்பில் ஒருவரும் வெளியே உட்காரவில்லை. வீரனைத் தேர்ந்தெடுக்க அவர் அதை உண்டாக்கவில்லை. சலித்துப் போன மாணவர்களின் குளிர்காலத்தை நிரப்ப உண்டாக்கினார். அந்த ஒய்.எம்.சி.ஏ. வழியாகவே ஆட்டம் இந்தியாவுக்கும் வந்தது. ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய உடற்கல்விப் பள்ளியிலிருந்து வெளிவந்தவர்கள்தாம் நம் கல்லூரிகளுக்கெல்லாம் முதலில் வழிகாட்டியவர்கள்.

நெய்ஸ்மித் பின்னர் கான்சாஸ் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளரானார். அங்கே அவருடைய கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. அப்பல்கலைக்கழக ஆண்கள் அணியின் வரலாற்றில் வென்றதைவிட மிகுதியாகத் தோற்ற பயிற்சியாளர் அவர் ஒருவர்தான், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே! இச்செய்தியைப் படித்தபோது முதலில் சிரித்தேன். பிறகு அந்த அறுபது என்னும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது முறை தோற்பதற்கு அவருடைய பிள்ளைகளுக்கு ஆட்டங்கள் இருந்தன. ஆண்டுக்கொரு தோல்வி என்றால் எங்கள் கல்லூரி அந்த எண்ணைத் தொட அறுபது ஆண்டுகள் ஆகும்.

இன்றைய அமெரிக்கக் கல்லூரி அணி ஒரு பருவத்தில் ஏறத்தாழ முப்பது ஆட்டங்கள் ஆடுகிறது. உலகமே வேடிக்கை பார்க்கும் அந்த 68 அணிகளின் மார்ச் மாத 'நாக்-அவுட்' அதற்குப் பிறகுதான் வருகிறது. அங்கே புழங்கும் பணமும் அதன் கேடுகளும் நமக்கு வேண்டாம், அவை தனிக்கதை. ஆனால் ஜான் உடன் என்றொரு மனிதரை எனக்குப் பிடிக்கும், அவர் முதலில் பள்ளியில் ஆங்கில ஆசிரியராயிருந்தவர் என்பதாலும். 1948இல் யு.சி.எல்.ஏ. அணியைப் பொறுப்பேற்ற அவருக்கு முதல் தேசியப் பட்டம் கிடைத்தது 1964இல். அதன்பின் 1975 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளில் பத்துப் பட்டங்கள். காலுறையைச் சுருக்கமில்லாமல் அணிவது எப்படி என்பதிலிருந்து அவர் பாடம் தொடங்குமாம். நாற்பது நிமிடப் பருவத்தில் காலுறைப் பாடத்துக்கு ஏது நேரம்?

இனி என் துறைக்கு வருகிறேன். நம் இலக்கியத்தில் பந்து பெண்களின் கையில்தான் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் வாழ்த்துக் காதையின் கந்துக வரி பந்தாடும் மகளிர் பாட்டு. கொங்குவேளிரின் பெருங்கதையில் பந்தடிக்கும் பகுதியில், ஒருத்தி அடித்த எண்ணிக்கையை அடுத்தவள் கடக்க, அவளை இன்னொருத்தி கடக்க, எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். எங்களுக்கு அண்டையிலுள்ள குற்றாலத்துக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடிக்கொண்டிருக்கையில்தான் திருக்குற்றாலநாதர் உலா வருகிறார். ஆண்மகனுக்கு நம் புலவர்கள் கொடுத்தது கலித்தொகையின் முல்லைக்கலியில் வரும் ஏறு. பரண்மேல் பெண்கள் பார்த்திருக்க, தொழுவில் பாய்ந்து பற்ற வேண்டும். பற்றினால் மணம், இல்லையேல் குருதி. இரண்டாம் வாய்ப்பு என்ற பேச்சில்லை.

இதை வைத்துப் பெரிய கோட்பாடு எதுவும் கட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் பந்தாட்டத்தின் அழகு திரும்பத் திரும்ப அடிப்பதில் இருக்கிறது, எண்ணுவதில் இருக்கிறது என்பதைப் பெருங்கதைப் பெண்கள் அறிந்திருந்தார்கள். நாமோ பந்தைக் கையில் கொடுத்துவிட்டு ஏறுதழுவலின் விதியை வைத்திருக்கிறோம்.

செலவாகும், வகுப்பு கெடும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினாறு அணிகள் வந்தால் இப்போதைய முறையில் 18 ஆட்டங்கள்; எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வெளியேறும். நான்கு நான்காகப் பிரித்துப் பிரிவுக்குள் எல்லோரும் எல்லோரோடும் ஆடி, பின் அரையிறுதி, இறுதி என்று வைத்தால் 27 ஆட்டங்கள். கூடுதல் 9. ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் என்றாலும் பதின்மூன்றரை மணி நேரம், ஒரு தளத்தில் இரண்டு நாள் வேலை. மாறாக, எந்த அணியும் மூன்று ஆட்டங்களுக்குக் குறையாமல் ஆடும். அதையும் ஓரிடத்தில் கூட்டாமல் அக்கம்பக்கத்துக் கல்லூரிகளைப் பிரிவாக்கிச் சனிக்கிழமைகளில் நடத்தினால் தங்குமிடச் செலவே இல்லை. அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி, தென்காசி எல்லாம் காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தூரம். சிற்றூரில் யார் பார்ப்பார்கள் என்று கேட்கிறவர்கள் கோடையில் ஒருமுறை பெரியகுளம் போய் வரட்டும். அங்கே சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடத்திவரும் அகில இந்தியப் போட்டியின் மின்னொளி ஆட்டங்களுக்கு ஊரே திரண்டு உட்கார்ந்திருக்கும்.

பல்கலைக்கழக அணிக்கு வீரர்களைத் தேர்வு செய்யத்தானே இப்போட்டி, அதற்கு 'நாக்-அவுட்' போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். தேர்வுக்கும் அது போதாது என்பதே என் எண்ணம். கடையத்துப் பையனை முதல் பத்து நிமிடம் பார்த்தவர் அவன் பெயரைக் குறித்துக்கொண்டிருக்க மாட்டார்.

விதிகளை மாற்றுவது விரிவுரையாளன் கையில் இல்லை. உடற்கல்வி இயக்குநரும் நானும் சேர்ந்து சுற்றுவட்டாரத்தில் நான்கு கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதினோம், கோப்பை இல்லை, சான்றிதழ் இல்லை, மதியச் சாப்பாடு உண்டு என்று. இரண்டு கல்லூரிகள் ஒப்புக்கொண்டன. ஒன்று தேர்வு முடியட்டும் என்றது. இன்னொன்றிடமிருந்து பதில் வரவில்லை. அணித்தலைவனிடம் சொன்னபோது அவன் கேட்டது ஒன்றுதான்: மூன்றாமாண்டு மாணவர்களும் ஆடலாமா? ஆடலாம் என்றேன். வருகிற சனிக்கிழமை காலை ஏழரைக்கு முதல் ஆட்டம். வாரியல் இரண்டு புதிதாக வாங்கி வைத்திருக்கிறோம்.