எந்த அறிவியல் இதழை வாங்குவது?

திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து அன்பர்கள் சிலர், தங்கள் மன்றத்துப் படிப்பகத்திற்கு அறிவியல் இதழ் ஒன்று வரவழைக்க விரும்புவதாகவும், எதனை நம்பி வாங்குவதென்று தெரியவில்லை என்றும் நமக்கு எழுதியுள்ளனர். சிறிய கேள்விதான். ஆயினும் தனித்தமிழ் பேசும் நாம் இதற்குச் செவ்வையான விடை சொல்ல இயலாவிடின், நாம் பேசும் பிறவெல்லாம் மேடையொலியாகவே முடியும்.

கேள்வி எழுந்த இடத்தை முதலில் எண்ணிப் பாருங்கள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நிறுவனத்தின் மகிழுந்துகள் வெளிவரத் தொடங்கின. 2000-இல் திருப்பெரும்புதூரில் பிரெஞ்சு நிறுவனத்தின் கண்ணாடி ஆலை எழுந்தது. 2006-இல் வந்த பின்லாந்துக் கைப்பேசி ஆலை 2014-இல் மூடப்பட்டுப் பல்லாயிரவர் பிழைப்பைக் குலைத்தது. பின்னர் வேறு நிறுவனங்களின் கைப்பேசிகள் அதே வட்டாரத்தில் உருவாகின்றன. ஒரகடத்தில் மகிழுந்தும் சரக்குந்தும் உருளிப்பட்டையும் செய்கின்றனர். ஏரியும் வயலுமாய்க் கிடந்த நிலம் கால் நூற்றாண்டில் இவ்வாறு மாறிற்று.

அங்கே கண்ணாடி எவ்வாறு செய்யப்படுகிறது? உருக்கிய வெள்ளீயத்தின்மேல் உருகிய கண்ணாடியை மிதக்க விடுகின்றனர். வெள்ளீயம் எடைமிக்கது, 232 பாகை வெப்பத்திலேயே உருகிவிடுவது. கண்ணாடியோ ஏறத்தாழ 600 பாகைக்குக் குளிரும்போதே தூக்கியெடுக்கும் அளவுக்கு இறுகிவிடும். அப்போதும் கீழே வெள்ளீயம் நீர்மமாகவே நிற்பதால், கீறலின்றி, மெருகிடும் வேலையுமின்றி, இருபுறமும் வழவழப்பான கண்ணாடியை உருவியெடுக்க முடிகிறது. இவ்வளவுதான். இதனைச் சொல்ல ஒரு பத்தி போதும். ஆயினும் அவ்வாலையைச் சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகளுள் எத்தனை பேர்க்கு இதனை எவரேனும் தமிழில் சொல்லியிருப்பர்? செய்யும் கை தமிழ்க் கையாகவும், ஏன் என்று விளக்கும் வாய் பிறமொழி வாயாகவும் இருப்பின், அம்மொழி மணவறைக்கும் மேடைக்கும் மட்டுமே உரியதாய்ச் சுருங்கும். அறிவியல் இதழ் என்பது அந்த ‘ஏன்’ என்னும் சொல்லைத் தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே விடையிறுக்கும் இடமாதல் வேண்டும்.

ஆகவே, வாங்குமுன் ஓர் இதழைக் கையிலெடுத்து, உங்கள் தொழிலோடு ஒட்டிய கட்டுரை ஒன்றைப் படியுங்கள். கைப்பேசி ஆலையில் வேலை செய்யும் தங்கை, மின்கலத்தைப் பற்றிய கட்டுரையைப் படிக்கட்டும். “உலகை மாற்றிய வியத்தகு கண்டுபிடிப்பு! 2019-இல் நோபல் பரிசு!” என்று மட்டும் சொல்லி முடித்திருந்தால் அவ்விதழை மடித்து வைத்துவிடலாம். மின்னூட்டம் ஏறும்போது இலித்தியத் துகள்கள் எப்பக்கமிருந்து எப்பக்கம் சென்று கரித்தகட்டில் தங்குகின்றன, உள்ளிருக்கும் நீர்மம் ஏன் தீப்பற்றக் கூடியது, மின்கலம் வீங்கினால் ஏன் அதனைக் குத்தவோ அழுத்தவோ கூடாது என்பனவற்றைச் சொல்லியிருந்தால் காசு கொடுத்து வாங்குங்கள். தாம் நாளும் கையாளும் பொருளைப் பற்றிப் பிழையாகவோ மேலோட்டமாகவோ எழுதும் இதழ், தாம் காணாத விண்மீனைப் பற்றி மட்டும் செம்மையாக எழுதிவிடுமா?

இனி, நம்மவரே மயங்கக்கூடிய ஓரிடத்தைச் சொல்லியாக வேண்டும். 2025 சனவரியில், சிவகளையில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 3345 எனத் தமிழ்நாட்டரசு வெளியிட்ட செய்தி நம் நெஞ்சை நிமிரச் செய்தது. நிமிர்வது முறையே. ஆனால், நல்ல அறிவியல் இதழ் அத்துடன் நில்லாது. காலம் கணிக்கப்பட்டது இரும்பை நேரே அளந்தன்று. இரும்போடு ஒரே அடுக்கில் கிடந்த கரியை அளந்து என்பதையும், உயிர்ப்பொருளில் உள்ள ஒருவகைக் கரிமம் ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைவதைக் கொண்டே அவ்வளவை எட்டுகின்றனர் என்பதையும், கரியும் இரும்பும் ஒரே காலத்தில் புதைந்தனவா என்பதே அங்குக் கேட்க வேண்டிய கேள்வி என்பதையும், வெவ்வேறு ஆய்வகங்களுக்கு ஏன் அனுப்பினர் என்பதையும் சொல்லும். இக்கேள்விகளைக் கேட்பவனைத் தமிழ்ப்பகைவன் என்று ஏசும் இதழ் நம் கொள்கையைப் பேசினும் அறிவியல் இதழன்று. வானூர்தியும் அணுவும் எம் முன்னோர்க்கே தெரியும் என்று எழுதும் வடவர் இதழ்களை நாம் எள்ளி நகையாடுகிறோம். அதே பிணி தமிழுடை உடுத்து வந்தால் மட்டும் மருந்தாகிவிடுமா?

2023 ஆகசுட்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோதும் இதுவே நிகழ்ந்தது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், அங்கே பட்டயப் படிப்புப் படித்தவர் என்னும் செய்தி எங்கும் வந்தது, நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால், காற்றில்லா நிலவில் குடைவான்கலம் பயன்படாது, எதிர்த்திசையில் பொறிகளை எரித்தே விரைவைக் குறைக்க வேண்டும், 2019 செப்டம்பரில் முந்தைய கலம் விழுந்து நொறுங்கிய பின் எதையெதை மாற்றினர் என்றெல்லாம் விளக்கிய பக்கங்கள் எத்தனை? தோல்வியிலிருந்து கற்ற கதையே அங்கு அறிவியல்.

சொற்றூய்மை பற்றியும் வெளிப்படையாகப் பேசுவோம். தூய தமிழில் எழுதப்பட்டிருக்கிறது என்னும் ஒன்றே ஓர் இதழை வாங்கப் போதுமான கரணியம் ஆகாது. ‘விஞ்ஞானம்’ என்றெழுதி ஒன்றைத் தெளிவாய் விளக்குபவனிடம் நாம் கற்கலாம். பின்னர் அவனுக்குச் சொல்லையும் திருத்தித் தரலாம். ‘அறிவியல்’ என்றெழுதிவிட்டு ஒன்றையும் விளக்காதவனை என்ன செய்வது? 1916-இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலானோர் தமிழ் அறிவியற் சொற்களுக்கென்று கழகமும் இதழும் கண்டனர். அக்கழகத்தின் பெயர் வடமொழி, இதழின் மொழி ஆங்கிலம்! அந்நிலையை மாற்ற, சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் 1938-இல் கலைச்சொற்களைத் தொகுத்தனர். தொகுதி நூலகத்தில் இருந்தது. ஆனால், சொற்பட்டியலில் கிடக்கும் சொல் உறையிலிட்ட வாள். கட்டுரையில் ஏறி, பத்துப் பேர் வாயில் புகுந்து, ஒன்பது முறை தடுக்கிய பிறகே அது சொல்லாகும். கோவையில் தாமோதரனார் தொடங்கிய ‘கலைக்கதிர்’, மணவை முசுதபா நெடுங்காலம் ஆசிரியராயிருந்த ‘யுனெசுகோ கூரியர்’ தமிழ்ப்பதிப்பு ஆகியவை செய்தது இத்தொண்டே. 1987-இல் சிறுவர்க்கென எழுந்த ‘துளிர்’ பிறிதொரு கருத்தியல் சார்ந்த இயக்கத்தினுடையது, அதனால் என்ன? பிள்ளைகளுக்குச் செய்துபார்க்கும் சோதனைகளைத் தமிழில் கொடுத்ததற்கு நாம் நன்றியுடையோம். நம் அண்டை மலையாளத்தார் 1970-க்குள்ளாகவே பெரியவர்க்கு ஒன்று, மாணவர்க்கு ஒன்று, சிறுவர்க்கு ஒன்று என மூன்று அறிவியல் இதழ்களை ஒரே இயக்கத்தின் வழி கண்டுவிட்டனர். தாய்மொழி எனத் தொண்டை கிழியக் கத்துவதில் நாம் அவர்க்கு மூத்தோர்.

ஆங்கில இதழ்களை வாங்கலாமா என்றும் அன்பர்கள் கேட்டுள்ளனர். படிக்கத் தெரிந்தோர் தாராளமாகப் படிக்க. நமக்கு ஆங்கிலத்தின்மேல் பகையில்லை. ஆங்கிலமே வாயில் என்பதன்மேல்தான் பகை. அவ்விதழ்களும் நிலையானவையல்ல: 1872-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘பாப்புலர் சயன்சு’, 2021-இல் அச்சை நிறுத்தி 2023-இல் இதழ் வடிவத்தையே கைவிட்டது. மேலும், எந்த ஆங்கில இதழ் நம் காலடி மண்ணைப் பற்றி நமக்குச் சொல்லும்? திருப்பெரும்புதூர் என்பது நிலநூலார்க்கு ஒரு பாறையடுக்கின் பெயர். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட அவ்வடுக்கில், ஈச்சங்கீற்றை ஒத்த இலைகளையுடைய, இன்று முற்றும் அழிந்துபோன செடியினங்களின் பதிவுகள் கல்லாய்க் கிடைத்துள்ளன. கடல்வாழ் உயிர்களின் எச்சங்களும் உண்டு. 1863-இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த இராபர்ட்டு புரூசு பூட்டு அவர்களே இவ்வட்டாரத்தின் நிலவியலையும் ஆராய்ந்து எழுதியவர். கடைக்கால் தோண்டிய கற்குவியலில் அத்தகைய இலைப்பதிவு இருந்தால், அதனை எடுத்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளை அவ்வூரில் இருக்க வேண்டாவா? இதனைப் படத்தோடும் அளவுகோலோடும் வெளியிடும் தமிழிதழ் வருமானால் முதற்படியை நாமே வாங்குவோம்.

வேறு சிலவும் பாருங்கள். கட்டுரை எழுதியவர் யார், எத்துறையினர் என்று போட்டிருக்கிறதா? சென்ற இதழின் பிழையை இவ்விதழில் திருத்தியிருக்கின்றனரா? பிழையே செய்யாத இதழைக் கண்டால் ஐயுறுங்கள். படிப்போர் கேள்விக்கு விடை வருகிறதா? நடுப்பக்கத்தில் எண்கணிதமும் அரிய கல் விற்பனையும் இருக்கின்றனவா? ஒரு கலைச்சொல்லை ஒரு பக்கத்தில் ஒருவாறும் மறுபக்கத்தில் வேறுவாறும் எழுதுகின்றனரா? மூன்று இதழ்களைத் தனித்தனியே வாங்கிப் பார்த்த பிறகே ஆண்டுக் கட்டணம் கட்டுங்கள்.

2024 ஆகசுட்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க விடுதிகள் திறக்கப்பட்டன. மன்றத்திற்கு ஓர் இதழ் வரவழைக்கும் அன்பர்கள் அங்கே சேர்ப்பிக்கவும் இன்னொரு படிக்குப் பணம் கட்டுவாராக. இரவு வேலை முடித்து வருவோர்க்கு நீண்ட கட்டுரை ஆகாது. இரண்டு பக்கத்தில் முடிவதாய்ப் பார்த்து, அப்பக்கத்தை மடித்துக் கொடுங்கள்.