இரணைமடு: அடிக்கணக்கு சொல்லாத அழுத்தம்

ஒவ்வொரு மாரியிலும் வன்னியில் கைபேசிக்குக் கைபேசி ஒரு எண் தாவுகிறது. 'இரணைமடு 33 அடி', 'இரணைமடு 35 அடி'. கனகராயன் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருப்பவர்களுக்கு அந்த எண்தான் வானிலை அறிக்கை. உடுப்புப் பையைக் கட்டுவதா, மாட்டை அவிழ்த்து விடுவதா என்று அதை வைத்தே முடிவெடுக்கிறார்கள். ஆனால் அந்த எண் முழுக்கதையையும் சொல்வதில்லை.

போருக்குப் பின்னரான புனரமைப்பில் இரணைமடுவின் கொள்ளளவு மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்டது. 2018 டிசம்பர் 7இல் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திறந்து வைத்தார். இரண்டு வாரங்களில், டிசம்பர் 21, 22இல், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. வான்கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்ற கேள்வி எழுந்தது; விசாரணைக்குழுவும் அமைக்கப்பட்டது.

நான் ஊடகக் கற்கை படித்தவள், பொறியியலாளர் அல்ல. ஆனால் இந்தக் கணக்குக்குப் பள்ளிக்கூடப் பௌதிகவியல் போதும். தண்ணீரின் அழுத்தம் ஆழத்தோடு கூடுகிறது. ஆகவே ஒரு செங்குத்துச் சுவரில் விழும் மொத்த விசை, நீர்மட்டத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 34 அடி நீர் நிற்கும் சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்திலும் ஏறத்தாழ 54 தொன் விசை. 36 அடியில் 60 தொன். மட்டம் கூடியது 6 வீதம், விசை கூடியது 12 வீதம். குளம் எவ்வளவு தூரம் பரந்து கிடக்கிறது என்பது இதில் கணக்கில்லை. ஆழம் மட்டுமே கணக்கு.

அந்த விசை எந்த இடத்தில் தாக்குகிறது என்பது அடுத்த கேள்வி. அதைத்தான் அழுத்த மையம் என்கிறார்கள். அது நடுவில் இல்லை. அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், அதாவது 36 அடிக்கு 12 அடியில் இருக்கிறது. சுவரைப் புரட்டும் திருப்பம் மட்டத்தின் கனத்தோடு கூடுவதால், அதே இரண்டு அடி அதை 19 வீதம் உயர்த்துகிறது.

பொறியியல் மாணவர்கள் இதை ஆய்வுகூடத்தில் அளந்து பார்க்கிறார்கள். கால்வட்ட வடிவக் கட்டை ஒன்று தராசுக் கையில் தொங்கும். தொட்டியில் தண்ணீர் ஏற ஏற, கையைச் சமநிலைக்குக் கொண்டுவரத் தேவையான நிறையைக் குறிப்பார்கள். வளைந்த முகங்களில் விழும் அழுத்தம் சுழற்சி அச்சினூடாகச் செல்வதால் திருப்பம் தராது. தட்டையான முகத்தின் விசை மட்டுமே தராசில் தெரியும். யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருப்பது கிளிநொச்சி அறிவியல்நகரில், இரணைமடுவுக்குப் பக்கத்தில்தான். அந்த அறிவு ஊருக்குள் வரவேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். மண்கட்டு சுவர்போலப் புரள்வதில்லை. கசிவும், உள்ளரிப்பும், மேலால் வழிந்தோடுவதும்தான் அதற்கு எமன். ஆனால் கதவுகளுக்கும் துருசின் கொங்கிறீற்றுக்கும் மேற்சொன்ன கணக்கு நேரடியாகப் பொருந்தும். கசிவைத் தள்ளுவதும் அதே ஆழம்தான்.

கமக்காரரின் நியாயமும் உண்டு. டிசம்பரில் திறந்துவிடும் தண்ணீர் அடுத்த சிறுபோகத்தின் வயிற்றில் அடிக்கிறது. நிரப்பி வைக்க வேண்டும் என்ற அவர்களின் விருப்பமும், கீழே இருப்பவரின் பயமும் ஒரே கதவில் மோதுகின்றன. அந்த முடிவு ஒரு சில அதிகாரிகளின் தொலைபேசி உரையாடலில் முடிந்துவிடக்கூடாது.

தண்ணீர் ஆயுதமானதையும் பார்த்த சனம் நாங்கள். 2006இல் மாவிலாற்றுக் கதவு மூடப்பட்டதோடு போர் மூண்டது. 2009 ஜனவரியில் கல்மடுக்குளத்தின் கட்டு உடைக்கப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயலின்போது, அதே மாவிலாற்றின் கட்டு உடைந்தது. எங்களுக்குக் குளக்கட்டு என்பது வெறும் நீர்ப்பாசன விடயம் அல்ல.

ஆகவே கேட்கவேண்டியவை மூன்று. எந்த மட்டத்தில், எவ்வளவு மழை எதிர்பார்க்கப்படும்போது கதவு திறக்கப்படும் என்ற விதி தமிழில் பகிரங்கமாக இருக்கவேண்டும். கட்டின் கசிவு, உள் நீரழுத்த அளவீடுகள் அடிக்கணக்கோடு சேர்த்து வெளியிடப்படவேண்டும். திறப்பதற்கு எத்தனை மணித்தியாலம் முன்பு கீழ்க்கிராமங்களுக்கு அறிவிப்பது என்பது எழுத்தில் இருக்கவேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலிருந்து எங்கள் கையில் இருக்கிறது. அடுத்த மாரிக்கு முன்பே, கமக்கார அமைப்புகளும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இந்த மூன்றையும் எழுத்தில் கேட்கலாம்.