மேடையும் முத்திரையும்

இயற்பியலிலும் வேதியியலிலும் மாநாடு என்பது பாதி வெந்த முடிவைச் சொல்லிப் பார்த்து, நாலு பேர் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வருகிற இடம். முடிவு முறையாக வெளியாவது ஆய்விதழில்தான். கோட்பாட்டுக் கணினியியலில் இந்த வரிசை தலைகீழாகக் கிடக்கிறது. 1969 முதல் நடக்கும் ஸ்டாக், அதற்கும் ஒன்பது ஆண்டு முன்பே வேறொரு பெயரில் தொடங்கிய ஃபாக்ஸ் ஆகிய இரண்டு மாநாடுகளின் தொகுப்பில் ஒரு கட்டுரை இடம்பெற்றுவிட்டால், அதை எழுதியவருக்கு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் கதவு திறக்கிறது. ஆய்விதழ் வடிவம் பல ஆண்டு கழித்து வரலாம், வராமலே போகலாம், யாரும் கேட்பதில்லை. கணினியியலாளர்களை மதிப்பிடும்போது தேர்ந்த மாநாட்டுக் கட்டுரைகளுக்கு உரிய எடை தர வேண்டும் என்று அமெரிக்கக் கணினி ஆய்வுச் சங்கம் 1999 இல் எழுத்துப்பூர்வமாகவே பரிந்துரைத்தது. இந்த ஏற்பாட்டில் மாநாடு இரண்டு வேலைகளைச் சேர்த்துச் சுமக்கிறது. புதியதை ஊருக்குச் சொல்வது ஒன்று. சொன்னது சரி, பெறுமதி உள்ளது என்று முத்திரை குத்துவது மற்றொன்று. முதல் வேலையில் அதன் சாதனை பெரியது. இரண்டாவது வேலை அந்தப் பெருமையின் நிழலில்தான் இத்தனை காலம் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் வேலையின் பெருமைக்கு 1971 மே மாதத்தைவிடச் சிறந்த சாட்சி இல்லை. ஒஹையோ மாநிலத்தின் ஷேக்கர் ஹைட்ஸில் நடந்த மூன்றாவது ஸ்டாக் மாநாட்டில் ஸ்டீபன் குக் எட்டுப் பக்கக் கட்டுரை ஒன்றை வாசித்தார். என்.பி.-முழுமை என்று இன்று பாடப்புத்தகங்களில் இருக்கும் கருத்து அதில் பிறந்தது. அதைப் படித்த ரிச்சர்ட் கார்ப், மறு ஆண்டு மார்ச்சில் நியூயார்க் மாநிலத்து ஐ.பி.எம். ஆய்வகக் கருத்தரங்கு ஒன்றில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தெரிந்த 21 சிக்கல்கள் உள்ளுக்குள் ஒரே சிக்கல்தான் என்று காட்டினார். பத்து மாதத்துக்குள் ஒரு துறையின் முகமே மாறிவிட்டது. குக் தம் கட்டுரைக்கு ஆய்விதழ் வடிவம் எழுதவே இல்லை. ஏறத்தாழ இதே முடிவை சோவியத் ஒன்றியத்தில் லியோனிட் லெவின் தனியாகக் கண்டுபிடித்து, 1973 இல் ரஷ்ய ஆய்விதழ் ஒன்றில் இரண்டு பக்கங்களில் வெளியிட்டார். மேற்குலகம் அதைச் சரியாக அறிந்துகொள்ள நெடுநாள் ஆயிற்று. மொழி, அரசியல், பனிப்போர் எல்லாம் அந்தத் தாமதத்துக்குக் காரணம் என்பது உண்மைதான். ஆனாலும் குக்குக்கு ஒரு கூடமும் அதில் கேட்க ஆட்களும் இருந்தார்கள். லெவினுக்கு அவை வாய்க்கவில்லை.

இனி முத்திரை குத்தும் வேலைக்கு வருவோம். இந்தத் துறையில் ஒரு கட்டுரையின் தாக்கம் எப்போது தெரிகிறது? ஓடெட் ரெகெவ் 2005 ஸ்டாக்கில் முன்வைத்த, பிழை கலந்த சமன்பாடுகளின் கடினத்தன்மை பற்றிய கட்டுரையை எடுத்துக்கொள்வோம். குவாண்டம் கணினிக்கும் ஈடுகொடுக்கும் மறையாக்கம் என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனம் அறிவித்த தரத்தின் அடித்தளம் அந்தக் கட்டுரையின் வழிவந்தது. நடுவே 19 ஆண்டுகள். மிஹாலிஸ் யானகாகிஸ் 1988 ஸ்டாக்கில், வணிகப் பயணியின் சிக்கலைச் சிறிய நேரியல் நிரல்களாக எழுதும் முயற்சிகளில் சமச்சீரானவை தோற்கும் என்று நிறுவினார். சமச்சீர் என்ற நிபந்தனையை நீக்கி, அதே மாநாட்டில் ஐந்து பேர் அதை முடித்துவைத்தது 2012 இல். இப்படிக் கால் நூற்றாண்டில் பலன் காணும் விதையை, சில மாதங்களில் கூடிக் கலையும் ஒரு தேர்வுக் குழு எதைக்கொண்டு எடைபோடும்? தவறிய கதைகளும் உண்டு. கோல்ட்வாசர், மிகாலி, ராக்காஃப் மூவரின் பூஜ்ய அறிவு நிரூபணம் பற்றிய கட்டுரை மூன்று முறை நிராகரிக்கப்பட்ட பிறகே 1985 ஸ்டாக்கில் இடம் பெற்றது. 1993 இல் இத்துறையின் பெரிய பரிசான கோடெல் பரிசை முதன்முதலில் பகிர்ந்துகொண்ட இரண்டு கட்டுரைகளில் அது ஒன்று. புதிய வரையறையும் புதிய கேள்வியும் கொண்டுவரும் கட்டுரையைவிட, கடினமான கணக்கைப் போட்டுக்காட்டும் கட்டுரைக்கே குழுக்கள் மனம் இறங்குகின்றன என்ற குறை துறைக்குள்ளேயே முற்றிப்போய், 2010 இல் பெய்ஜிங்கில் அதற்கென்றே தனியாக ஒரு மாநாட்டைத் தொடங்கினார்கள். குழுவின் தீர்ப்பில் தற்செயலின் பங்கு எவ்வளவு என்பதை அண்டைத் துறை ஒன்று அளந்தும் பார்த்தது. இயந்திரக் கற்றலின் பெரிய மாநாடான நியூரிப்ஸ் 2014 இல் 166 கட்டுரைகளை இரண்டு தனிக் குழுக்களிடம் கொடுத்தது. 43 கட்டுரைகளில் தீர்ப்பு முரண்பட்டது. ஒரு குழு ஏற்றவற்றில் பாதிக்கு மேல் மற்றக் குழு தள்ளிவிட்டது. கோட்பாட்டுத் துறையில் நிரூபணம் என்ற உரைகல் இருப்பதால் இங்கே முரண் குறைவாக இருக்கும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அந்த உரைகல்லில் யார் உரசிப் பார்க்கிறார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி.

நெடுங்காலம் நிலவிய ஏற்பாட்டைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். அனுப்பும் கட்டுரையின் முதல் பத்துப் பக்கங்களில் முடிவும் அதன் முக்கியத்துவமும் நிரூபணத்தின் போக்கும் வந்துவிட வேண்டும். மீதி எல்லாம் பின்னிணைப்பு. குழுவுக்கு விருப்பமிருந்தால் படிக்கலாம், படிக்காமலும் விடலாம். நூற்றுக்கணக்கில் வந்து குவியும் கட்டுரைகளை அவரவர் வேலைக்கு நடுவே வாசிக்கும் குழுவினர் அந்தப் பின்னிணைப்பில் எத்தனை வரிகளைச் சரிபார்க்க முடியும்? அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கேட்கப்படும் வேலையே அது இல்லை. லாஸ்லோ பாபாய் 2015 நவம்பரில் சிகாகோவில் அறிவித்த வரைபட ஒப்புமைச் சிக்கலின் தீர்வு, பல பத்தாண்டுகளில் அத்துறை கண்ட மிகப் பெரிய முன்னேற்றங்களில் ஒன்று. 2016 ஸ்டாக் தொகுப்பிலும் அது வெளியாயிற்று. 2017 ஜனவரியில் பாரிஸின் புர்பாக்கி கருத்தரங்கில் அந்தக் கட்டுரையை விளக்க வேண்டிய பொறுப்பை ஏற்றிருந்த எண்கணிதவியலாளர் ஹரால்ட் ஹெல்ஃப்காட், உரைக்குத் தயாராக வரி வரியாகப் படித்தபோது கால அளவைக் கணக்கிட்ட இடத்தில் ஒரு பிழை பிடிபட்டது. பாபாய் ஜனவரி 4 அன்று தம் கூற்றைப் பகிரங்கமாகத் திரும்பப் பெற்றார். ஐந்தே நாளில் பிழையைத் திருத்தி மீண்டும் நிலைநாட்டினார். கதை நல்லபடியாக முடிந்தது. ஆனால் பிழையைப் பிடித்தது, அந்தக் கட்டுரையை முழுதாகப் புரிந்துகொண்டு இன்னொருவருக்குச் சொல்லியே தீர வேண்டிய கட்டாயத்தில் இருந்த ஒரு தனிமனிதர். தேர்வுக் குழுவில் யாருக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. எல்லோருடைய கண்ணும் பட்ட கட்டுரைக்கே இந்தக் கதி என்றால், எவர் கண்ணும் படாத கட்டுரைகளின் பின்னிணைப்புகளில் என்ன உறங்கிக்கொண்டிருக்கிறதோ!

மாநாட்டு முறைக்கு ஆதரவாக முதலில் சொல்லப்படுவது வேகம். ஆய்விதழ்களில் ஒரு கட்டுரை இரண்டு மூன்று ஆண்டுகள் கிடக்கும், துறை காத்திருக்காது என்பார்கள். குக்கின் காலத்தில் இதற்கு மறுபேச்சே கிடையாது. அச்சிட்ட தொகுப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்புவதுதான் அன்றைய வேகம். ஆனால் 1994 முதல் சிக்கல்தன்மைக் கோட்பாட்டுக்கென்று மின்னணுக் களஞ்சியம் ஒன்று இயங்குகிறது. ஆர்க்கைவ் என்ற பொதுக் களஞ்சியம் அதற்கும் மூத்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வாலும், அந்த ஆண்டுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும் ஓர் எண் பகா எண்ணா என்பதை விரைவாகவும் ஐயத்துக்கு இடமில்லாமலும் சொல்லிவிடும் வழியைக் கண்டபோது ஸ்டாக்கையோ ஃபாக்ஸையோ நாடவில்லை. 2002 ஆகஸ்டில் ஒன்பது பக்கங்களை மின்னஞ்சலிலும் இணையத்திலும் வெளியிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் உலகம் படித்துச் சரிபார்த்துவிட்டது. ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ரா சொன்ன எளிமையாக்கத்தையும் சேர்த்துக்கொண்டு 2004 இல் அது கணிதத்தின் தலைசிறந்த ஆய்விதழ்களில் ஒன்றில் அச்சேறியது. 2006 இல் கோடெல் பரிசு. சொல்லும் வேலைக்கு இணையம், சரிபார்க்கும் வேலைக்கு ஆய்விதழ் என்ற பிரிவினை இந்தக் கதையில் பழுதில்லாமல் நடந்தேறியது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. கான்பூர்க் கட்டுரை ஒன்பது பக்கம். முக்கால்வாசி பட்டப்படிப்பு இயற்கணிதம். எவரும் உட்கார்ந்து சரிபார்க்கலாம். கேள்வியோ உலகறிந்தது. பெயர் தெரியாத ஊரில் இருக்கும் ஓர் இளம் ஆய்வாளர், தானே கேட்ட கேள்விக்கு எண்பது பக்க விடையோடு இணையத்தில் வந்து நின்றால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அவருக்குக் குழுவின் முத்திரைதான் ஒரே அறிமுகச் சீட்டு. அதுவும் அண்மை ஆண்டுகளில் எழுதியவர் பெயரை மறைத்துக் கட்டுரைகளைப் படிக்கும் வழக்கம் ஸ்டாக்கிலும் ஃபாக்ஸிலும் வந்த பிறகு, இந்த வாதத்துக்குப் பலம் கூடியிருக்கிறது. முத்திரையை ஒழித்தால் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் பெயரைக் கொண்டே கவனத்தை அள்ளிக்கொள்ளும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. ஆகவே தேர்வே வேண்டாம் என்பது எங்கள் வாதமில்லை. இந்தக் கட்டுரையைக் கேளுங்கள் என்று ஒரு குழு கைகாட்டுவது பயனுள்ள வேலை. அந்தக் கைகாட்டலை ‘இது சரி’ என்ற சான்றிதழாகவும், எழுதியவருடைய வாழ்நாள் மதிப்பெண்ணாகவும் வாசிப்பதில்தான் கோளாறு. இன்னொன்றும் உண்டு. அந்த இளம் ஆய்வாளரின் கட்டுரை ஏற்கப்பட்டால், கட்டணம் கட்டி, விசா வாங்கி, பெரும்பாலும் வட அமெரிக்காவுக்குப் பறக்கவும் வேண்டும். அறிமுகச் சீட்டுக்கு இதுவும் ஒரு விலை.

நம் நாட்டில் இந்தக் குழப்பம் வேறு உருவில் நிற்கிறது. 1981 இல் பெங்களூரில் தொடங்கிய எஃப்.எஸ்.டி.டி.சி.எஸ். மாநாடு ஆண்டுதோறும் டிசம்பரில் நடக்கிறது; சென்னையிலும் பலமுறை நடந்திருக்கிறது. உலகின் முன்னணி ஆய்வாளர்கள் வந்து பேசும் இடம் அது. 2008 முதல் அதன் தொகுப்பை எவரும் காசில்லாமல் படிக்கலாம். வணிகப் பதிப்பகத்தின் பிடியிலிருந்து மாநாட்டுத் தொகுப்புகளை மீட்கும் முயற்சியில் அது முன்வரிசையில் நின்றது. இதை நாம் போதுமான அளவு பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையில் உள்ள புள்ளி அட்டவணை, மாநாட்டில் கட்டுரை வாசித்தவருக்கு அது எங்கே நடந்தது என்று பார்த்துப் புள்ளி போடுகிறது. வெளிநாட்டில் நடந்த பன்னாட்டு மாநாட்டுக்குக் கூடுதல். உள்நாட்டில் நடந்த பன்னாட்டு மாநாட்டுக்குக் குறைவு. சென்னைத் தரமணியில் கடுமையான தேர்வைத் தாண்டி வாசிக்கப்பட்ட கட்டுரை, காசு கட்டினால் எவரையும் ஏற்கும் ஏதோ ஒரு வெளிநாட்டு விடுதி மாநாட்டுக் கட்டுரைக்குப் பின்னால் நிற்க வேண்டும். அமெரிக்கர்கள் முத்திரையை அளவுக்கு மீறி நம்புகிறார்கள் என்றால், நாம் முத்திரையைப் படிக்காமல் தபால்தலையைப் பார்த்துப் புள்ளி போடுகிறோம்.

அப்படியானால் மாநாடு எதற்கு? நேரில் கூடுவதற்கு. ஸ்டாக்கே 2017 மான்ட்ரியால் மாநாட்டிலிருந்து ஐந்து நாள் விழாவாக விரிந்து, பயிலரங்குகளையும் பிற மாநாடுகளின் சிறந்த கட்டுரைகளைப் பற்றிய உரைகளையும் சேர்த்துக்கொண்டது நல்ல திருப்பம். கணினியியலாளர் லான்ஸ் ஃபோர்ட்னோ 2009 இலேயே, மாநாடுகள் ஆய்வாளர்களை ஒன்றுகூட்டும் வேலைக்குத் திரும்பட்டும், தரம் பிரிப்பதை ஆய்விதழ்களிடம் விட்டுவிடலாம் என்று எழுதினார். ஆய்விதழ்களுக்கு வாசித்துத் தீர்ப்புச் சொல்ல ஆள் எங்கே என்பது அவர் எழுதிய நாள் தொட்டு எழும் எதிர்க்கேள்வி. ஆள் இருக்கிறார்கள். ஒரு மாநாடு தள்ளிய கட்டுரை ஆறு மாதத்தில் அடுத்த மாநாட்டுக்குப் போகிறது. அங்கே வேறு மூவர் மீண்டும் முதல் பத்துப் பக்கங்களைப் படிக்கிறார்கள். அங்கும் தள்ளினால் மூன்றாவது மாநாடு. இத்தனை பேர் தனித்தனியாகச் செலவிடும் பொழுதில் ஒருவர் அதைக் கடைசிவரை படித்துவிட முடியும். துறையின் உயர்ந்த மரியாதையான கோடெல் பரிசு, முடிவு ஏதேனும் ஓர் ஆய்விதழில் முழுமையாக வெளிவந்திருக்க வேண்டும் என்று தொடக்கம் முதல் நிபந்தனை வைத்திருக்கிறது. அந்த நிபந்தனையை நிரந்தரப் பேராசிரியர் பதவிக்கும் வைக்கலாம். முதல் வேலைக்கு மாநாட்டுக் கட்டுரை போதும். ஆறேழு ஆண்டு கழித்து நிரந்தரம் கேட்டு வருபவரிடம், அவற்றில் சிறந்த மூன்றின் முழு நிரூபணமும் எங்கே வெளியாகியிருக்கிறது என்று கேட்கலாம். குக்கின் எட்டுப் பக்கங்கள் இந்த விதியில் தேறாது என்று யாராவது சொல்வார்கள். அரை நூற்றாண்டாக ஒவ்வொரு கணினியியல் வகுப்பிலும் கரும்பலகையில் எழுதிச் சரிபார்க்கப்படும் நிரூபணத்துக்கு விலக்குக் கொடுப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.