ரத்தத்தைக் காரமாக்கப் புறப்பட்டவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஒரே செய்தி நாலு வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றி வந்துவிட்டது. உடம்பில் அமிலம் சேர்வதுதான் எல்லா நோய்க்கும் காரணமாம். கார நீர் குடித்து ரத்தத்தைக் காரமாக்க வேண்டுமாம். இன்சுலின் ஊசியை நிறுத்தினால் கணையம் தானாக விழித்துக்கொள்ளுமாம். இதை அனுப்பியவர்களில் பத்தாம் வகுப்பு அறிவியலில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். என் கோபமே அதுதான்.

முதலில் ரத்தம். அது ஏற்கெனவே லேசான காரம்தான். அதன் பிஎச் 7.35-லிருந்து 7.45-க்குள் நிற்கிறது. நிறுத்தி வைப்பது நுரையீரலும் சிறுநீரகமும். சந்தேகம் இருந்தால் இப்போதே மூச்சை அடக்கிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் தவிப்பு வரும். கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து ரத்தத்தில் அமிலத்தன்மை கொஞ்சம் ஏறியதை மூளையின் முகுளம் கண்டுபிடித்து, "மூச்சு விடு" என்று கட்டளை போடுகிறது. இவ்வளவு கவனமான காவல்காரனை ஒரு பாட்டில் தண்ணீர் ஏமாற்றிவிடுமா?

அடுத்து அந்தத் தண்ணீர். அது முதலில் போய் விழுவது இரைப்பையில். அங்கே இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிஎச் அளவில் ஒரு படி என்றால் பத்து மடங்கு என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதிப் போட்டேன்! கணக்குப் போடுங்கள். பிஎச் 9 உள்ள ஒரு லிட்டர் நீரிலுள்ள ஹைட்ராக்சைடு அயனிகளை நடுநிலையாக்க, பிஎச் 2 உள்ள அமிலம் ஒரே ஒரு மில்லி போதும். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய மெஷினின் வேலை அந்த ஒரு மில்லியோடு முடிந்தது.

"எலுமிச்சை உடம்புக்குள் போனால் காரமாகிவிடும் சார்" என்று ஒருவர் பதில் போட்டிருந்தார். அதில் பாதி உண்மை உண்டு. சிட்ரிக் அமிலம் செரித்த பிறகு சிறுநீர் கொஞ்சம் காரப்பக்கம் போகலாம். சிறுநீர் மாறுவதே ரத்தம் மாறாமல் இருப்பதற்காகத்தான். வீட்டுக் குப்பையை வெளியே கொட்டியதைப் பார்த்து, வீடே குப்பையாகிவிட்டது என்று சொல்வோமா?

இதுவரை சொன்னது பணத்துக்குத்தான் நஷ்டம். இன்சுலின் விஷயம் உயிர்.

முதல் வகைச் சர்க்கரை நோயில் கணையத்தின் லாங்கர்ஹான் திட்டுகளில் இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்துபோகின்றன. தூங்குவதாக இருந்தால்தானே விழித்துக்கொள்ள! ஊசியை நிறுத்தினால் செல்களுக்குள் குளுக்கோஸ் போகாது. உடம்பு கொழுப்பை எரிக்கும். அதிலிருந்து கீட்டோன் அமிலங்கள் ரத்தத்தில் குவியும். வாந்தி, ஆழமான வேகமான மூச்சு, பிறகு மூளை மயங்கி நினைவு தப்பும். ரத்தம் உண்மையிலேயே அமிலமாவது இதுதான். அதைக் குணமாக்குவது ஆஸ்பத்திரியில் ஏற்றும் உப்பு நீரும், அந்தச் செய்தி நிறுத்தச் சொல்கிற அதே இன்சுலினும்தான். அமிலத்துக்குப் பயந்தவன் அமிலத்தையே தேடிப் போகிற கதை இது.

1922 ஜனவரியில் டொரன்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன் இந்த நோய் வந்த குழந்தைகளைப் பட்டினி போட்டுச் சில காலம் உயிரோடு வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அந்தக் காலத்துக்கா திரும்பிப் போக வேண்டும்?

இரண்டாம் வகைச் சர்க்கரையில் எடையைக் குறைத்து, உணவைக் கட்டுப்படுத்தி, டாக்டரின் கண்காணிப்பில் மருந்தைக் குறைத்தவர்கள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. டாக்டர் சொல்லிக் குறைப்பதும் வாட்ஸ்அப் சொல்லி நிறுத்துவதும் ஒன்றல்ல.

"நல்லெண்ணத்தில்தானே அனுப்பினேன்" என்பீர்கள். நீங்கள் அனுப்பிய குரூப்பில் தினமும் ஊசி போட்டுக்கொள்ளும் ஒரு குழந்தையின் தாய் இருக்கிறாள். ஊசி போடும்போதெல்லாம் பிள்ளை அழுவதைப் பார்க்கிறவள். "நிறுத்திவிடலாம்" என்ற வார்த்தைக்காக ஏங்குகிறவள். அந்த வார்த்தையை அவளுக்குக் கொடுத்தது நீங்கள் என்று ஆகிவிட வேண்டாம்.

அனுப்பியவர்கள் இன்றைக்கே அழித்துவிடுங்கள். அழிக்க முடியாவிட்டால், "அது தவறு, ஊசியை நிறுத்தாதீர்கள்" என்று அதே குரூப்பில் ஒரு வரி போடுங்கள். மார்க் வாங்கப் படித்தது போதும். இனி அந்தப் பாடத்தைக் கொஞ்சம் பயன்படுத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்