மழையில் ஒரு சந்திப்பு
‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) படத்தில் இராமேஸ்வரம் அகதி முகாமில் பெற்ற குழந்தையை விட்டுப்போன சியாமா, ஒன்பது வயதில் தேடிவந்த மகளின் கேள்விகளுக்கு அழுகையைத் தவிர அதிகம் பதில் வைத்திருக்கவில்லை. படத்தில் குண்டுகள் வெடிக்கத்தான் செய்கின்றன. ஆனால் ஈழப் போர் ஒருத்தியை என்ன செய்துவிட்டது என்று புரிவது மழையில் நடக்கும் அந்தச் சந்திப்பில்தான். பிரிட்டனின் ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரும் 1963 முதல் உலவிய வேற்றுக்கிரக நாயகனை, 2005இல் தன் இனத்தையே போரில் பறிகொடுத்தவனாக அழைத்துவந்தது. சங்கிலியில் கிடக்கும் பழைய பகைவனைக் கண்டதும் அந்த நல்லவனுக்கே கொலைவெறி ஏறுகிறது. வேற்றுக்கிரகவாசியின் கற்பனைத் துயரை ஈழத்துத் துயரோடு ஒப்பிடலாமா என்பார்கள். இழப்புகள் ஒன்றல்ல, வாஸ்தவம். மனம் படும் பாடு ஒன்றுதான். மண்டபம் அகதி முகாமில் இருப்பவர்களுக்குப் பணக்கொடை, அரிசி என்று கணக்கிடும்போது, மனநல மருத்துவரையும் அந்தக் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும்.